படகின் வயிற்றில் ஓர் ஓட்டை!

பழைய மோட்டார் படகு வாங்கியவரின் தூக்கத்தைக் கெடுக்கும் புகைக்குழாய்

படகு வாங்குகிறவனுக்கு வாழ்க்கையில் இரண்டே இரண்டு சந்தோஷ நாட்களாம். ஒன்று படகை வாங்கிய நாள். மற்றொன்று அதை விற்ற நாள்! அமெரிக்காவில் படகுக்காரர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் பேச்சு இது. கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால், வாங்கிய மூன்றாம் நாள் காலையில் படகின் அடித்தட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்து, கீழே ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்பதைக் கண்டவருக்கு அந்த வேடிக்கை ரசிக்காது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்குள் நீண்டு கிடக்கிறது செசபீக் வளைகுடா. தெற்கு வடக்காகச் சுமார் 200 மைல் நீளம். அதன் கரையிலுள்ள அன்னாபோலிஸ் நகரில்தான் 1845ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இருக்கிறது. நம் ஊரில் பழைய கார் கைமாறுவதுபோல, அந்தக் கரையெங்கும் பழைய மோட்டார் படகுகள் கைமாறுகின்றன. குளிர்காலத்தில் கரையேற்றி மூடி வைப்பார்கள். வசந்தம் வந்ததும் துடைத்து, வர்ணமடித்து, தண்ணீரில் இறக்குவார்கள்.

அங்கே ஒரு நடுத்தரக் குடும்பஸ்தர், சேமித்து வைத்த பணத்தில் முப்பது அடி நீளமுள்ள பழைய படகு ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பைபர் கிளாஸ் உடல், பெட்ரோல் எஞ்சின், மனைவி மக்களுடன் இரவு தங்குவதற்குச் சின்ன அறை. பார்வைக்குப் பளபளவென்று இருக்கிறது. இறக்கிய மூன்றாம் நாள் அடியில் தண்ணீர்! இறைத்து விடுகிறார். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் தண்ணீர். பின்பக்கம், புகைக்குழாய் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில் ஈரம் மினுமினுக்கிறது.

இனி அவர் செய்யப்போகும் காரியத்தில்தான் படகின் ஆயுளும், அதில் ஏறுகிறவர்களின் ஆயுளும் அடங்கியிருக்கின்றன.

புகைக்கு ஏன் தண்ணீர் வழி?

எஞ்சின் புகையை நீருக்கு அடியில் கொண்டுபோய் விடுவானேன் என்று கேட்கலாம். லாரிக்கு இருப்பதுபோல் மேலே ஒரு குழாய் வைத்தால் போதாதா?

வைக்கலாம், வைக்கிறார்கள். ஆனால் உல்லாசப் படகில் போகிறவர்களுக்குச் சத்தமும் நெடியும் ஆகாது. மேலும், படகு வேகமாகப் போகும்போது அதன் பின்னால் காற்று சுழன்று, விட்ட புகையைப் படகுக்குள்ளேயே இழுத்து வந்துவிடும். ஆகையால் சில படகுகளில் புகைக்குழாயைப் படகின் அடி வழியாகவே வெளியே விடுகிறார்கள். சத்தத்தைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. குழாயின் வாய்க்கு முன்னால் ஓர் உதடுபோல் சிறு மேடு இருக்கும். படகு ஓடும்போது அந்த உதட்டுக்குப் பின்னால் நீரின் அழுத்தம் குறைவதால் புகை உறிஞ்சப்பட்டு வெளியே போகிறது. மெதுவாக ஓடும்போது எஞ்சின் திணறாமல் இருக்க, நீர்மட்டத்துக்கு மேலே இன்னொரு சிறு வழியும் வைப்பதுண்டு.

எஞ்சினிலிருந்து வரும் புகை நெருப்பாய்க் கொதிக்கும். அது ரப்பர் குழாயைப் பொசுக்கிவிடாமல் இருக்க, கடல் நீரைப் பம்பு மூலம் இழுத்து, புகையோடு கலந்து குளிர வைத்து, இரண்டையும் சேர்த்தே வெளியேற்றுகிறார்கள். கடல் நீர் எஞ்சினுக்குள் திரும்பிப் போய்விடாமல் இருக்க, குழாயை முதலில் நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றி, வளைத்து, பிறகு கீழே இறக்குகிறார்கள்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். வளைவிலிருந்து கீழே இறங்கும் குழாயில், எஞ்சின் ஓடாத நேரமெல்லாம், வெளியே எந்த மட்டத்தில் நீர் நிற்கிறதோ அதே மட்டத்துக்கு உள்ளேயும் நீர் நிற்கும். அதாவது, படகின் வயிற்றுக்குள்ளே ஒரு குழாயில் கடல் எப்போதும் காத்து நிற்கிறது. மற்றத் துவாரங்களுக்கு மூடுவதற்கு ஒரு திருகு வால்வு இருக்கும். புகைக்குழாய்க்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. பத்திரமாக இருப்பதெல்லாம் ஒரு ரப்பர் குழாய், இரண்டு கிளிப்பு, படகின் அடியோடு ஒட்டிய ஒரு குழாய்த்துண்டு, அவ்வளவுதான்!

ஒரே வாசல், இரண்டு எதிரிகள்

சாதாரண ஓட்டையில் நீர் மட்டும் வரும். புகைக்குழாய் ஓட்டையிலோ, எஞ்சின் நிற்கும்போது நீர் வரும். எஞ்சின் ஓடும்போது புகையும் வரும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பிரியமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரும். கடல் பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று படுப்பவர் எழுந்திருக்க மாட்டார். புகையோடு கலக்கும் நீர் சூட்டைத்தான் தணிக்கிறது. இந்த விஷத்தைக் கழுவிவிடுவதில்லை. டீசலைவிடப் பெட்ரோல் எஞ்சினில் இது மிக அதிகம்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் யூட்டா, அரிஸோனா மாநிலங்களின் எல்லையிலுள்ள பவல் ஏரியில் படகு வீடுகளைச் சோதித்தார்கள். பின்பக்க நீச்சல் மேடைக்கு அடியில் புகை விடும் படகுகளில், அந்த இடுக்கில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இந்த வாயு சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். திறந்த வெளியிலேயே இப்படி என்றால், மூடிய படகின் வயிற்றில் கசிந்தால் என்ன ஆகும்?

சிறு துளி பெரு வெள்ளம்

சேமிப்புக்கு உதாரணமாக நாம் சொல்லும் இந்தப் பழமொழி, படகுக்காரர் காதில் விழுந்தால் வயிற்றைக் கலக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இரண்டு அங்குல விட்டமுள்ள துவாரம் திறந்துகொண்டால், நிமிஷத்துக்குச் சுமார் 170 லிட்டர் உள்ளே பாயும். இரண்டு ஆள் வாளி வாளியாக இறைத்தாலும் தாங்காது. சரி, துவாரம் வேண்டாம். ஒரு விரிசல் போதும். ஒரு மில்லிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளம். நகத்தால் கீறியதுபோல் இருக்கும். அதுவே நிமிஷத்துக்கு எட்டு லிட்டருக்கு மேல் விடும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர்!

1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கதையும் இதைத்தான் சொல்கிறது. பனிமலை அதன் பக்கத்தை நெடுகக் கிழித்துவிட்டது என்று வெகு காலம் நம்பினார்கள். ஆனால் அதைக் கட்டிய கம்பெனியின் நிபுணர் எட்வர்ட் வைல்டிங், அந்த வருஷமே விசாரணையில் கணக்குப் போட்டுச் சொன்னது வேறு. நீர் புகுந்த ஓட்டைகளின் பரப்பைக் கூட்டினால் மொத்தம் சுமார் 12 சதுர அடிதானாம். ஒரு குறுகிய கதவின் அளவு! அவ்வளவு பெரிய கப்பலுக்கே அது போதுமானதாக இருந்தது.

நீர் இறைக்கும் மின்சாரப் பம்பு இருக்கிறதே என்று சிலர் தைரியமாகத் தூங்குகிறார்கள். அந்தப் பம்பு நிற்காமல் ஓடினால் 5 ஆம்பியர் மின்சாரம் குடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், 100 ஆம்பியர்-மணி பாட்டரி 20 மணி நேரத்தில் காலி. சனிக்கிழமை இரவு கட்டிவிட்டுப் போனவர் அடுத்த சனிக்கிழமை வந்தால், கயிறு மட்டும் இருக்கும்; படகு தண்ணீருக்கு அடியில் இருக்கும். ஓடும்போது மூழ்கும் படகுகளைவிட, துறையில் கட்டிக் கிடக்கும்போது மூழ்கும் படகுகளே அதிகம் என்பது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் கண்ட அனுபவம்.

திருடனைப் பிடிக்கும் வழி

ஈரம் தெரியும் இடம் எல்லாம் ஓட்டை ஆகிவிடாது. நீர் ஓரிடத்தில் புகுந்து, உள்ளே வழிந்து, வேறோரிடத்தில் சொட்டும். விசிறியைச் சுழற்றும் தண்டு வெளியேறும் இடம், சுக்கான் தண்டு, கடல் நீர்ப் பம்பு, மேல்தளத்திலிருந்து இறங்கும் மழை நீர் என்று சந்தேகத்துக்குரிய ஆசாமிகள் பலர்.

ஆகையால் முதலில் படகின் அடியைத் துணியால் ஒற்றி, நன்றாக உலர வைக்க வேண்டும். பிறகு புகைக்குழாயைச் சுற்றி முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவ வேண்டும். நீர் எங்கே முதலில் கோடு போடுகிறதோ அதுதான் திருடன் புகுந்த வழி. எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்கும்போது மூடிக் கிடக்கும் விரிசல், எஞ்சின் அதிரும்போது வாயைத் திறப்பதுண்டு.

குற்றவாளி பெரும்பாலும் நால்வரில் ஒருவன். முதலாவது, துருப்பிடித்த கிளிப்பு அல்லது வெடித்த ரப்பர் குழாய். இரண்டாவது, என்றோ ஒரு நாள் கடல் நீர்ப் பம்பு நின்றுபோய், குளிராத புகை பாய்ந்து கருகிப்போன குழாய்த்துண்டு. மூன்றாவது, குழாயின் பாரத்தைத் தாங்க வேறு பிடிப்பு இல்லாததால், வருஷக்கணக்கில் ஆடி ஆடி விட்டுப்போன ஒட்டு. நான்காவது, உலோகத் தகடு வைத்துத் திருகியிருந்தால், அரித்துப்போன திருகாணியும் காய்ந்துபோன பசையும். இதில் பித்தளை மோசக்காரன். கடல் நீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், வெளிப் பார்வைக்கு முழுசாக இருந்துகொண்டே உள்ளே பொடியாகிவிடும். நல்ல வெண்கலம்தான் கடலுக்கு ஏற்றது.

கிளிப்பும் ரப்பர் குழாயும்தான் குற்றவாளி என்றால் பிழைத்தோம், மாற்றிவிடலாம். ஆனால் அதற்கும் படகைக் கரையேற்ற வேண்டும், அல்லது வெளியே குழாயின் வாயை நன்றாக அடைத்துவிட வேண்டும். குழாயைக் கழற்றிய உடனே கடல் உள்ளே வந்துவிடும் என்பதை மறந்தவர்கள் உண்டு!

பூசினால் போகாது

குழாய்த்துண்டும் ஒட்டும்தான் பழுது என்று தெரிந்ததும், நம் குடும்பஸ்தருக்கு ஓர் ஆசை வரும். நீருக்கு அடியிலேயே இறுகும் புட்டி கடையில் விற்கிறார்கள். உள்ளே ஒரு கை அப்பிவிட்டால் என்ன? பளுதூக்கியில் படகை ஏற்றி இறக்க, அடிக்கு இவ்வளவு என்று நீளத்தைப் பார்த்துக் கூலி கேட்கிறார்களே!

புட்டி ஆபத்துக்கு உதவும்; மறுப்பதற்கில்லை. துறைக்கு வந்து சேரும்வரை உயிரைக் காக்கும். கூம்பு வடிவான மெதுமரக் கட்டை ஒன்றை ஒவ்வொரு துவாரத்துக்கு அருகிலும் கட்டி வைப்பதும் நல்ல பழக்கம். குழாய் பிய்ந்தால் சுத்தியால் அடித்து இறுக்கிவிடலாம். (அதன் பிறகு எஞ்சினை ஓட்டக் கூடாது, புகை போக வழி ஏது?) ஆனால் முதலுதவியை வைத்தியம் என்று எண்ணிவிடுவதுதான் பிசகு.

உள்ளே அப்பிய புட்டி எதன்மேல் ஒட்டுகிறது? எண்ணெய் மேலும் பழைய வர்ணத்தின் மேலும் பாசியின் மேலும்தான். படகின் மேல் அல்ல. ஓர் அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் கடல் சுமார் 30 கிராம் கனத்தோடு வெளியிலிருந்து தள்ளுகிறது. உள்ளங்கை அகலமுள்ள விட்டுப்போன ஒட்டை மறைக்கும் புட்டியை இரவும் பகலும் மூன்று கிலோ பாரம் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அதோடு எஞ்சின் அதிர்ச்சி. எத்தனை நாள் தாங்கும்? தாங்காமல் போகும் நாள், படகில் குழந்தைகள் தூங்கும் நாளாக இருந்தால்?

கரையில் வைத்தியம்

ஆகவே படகு கரையேற வேண்டும். அடியை நல்ல நீரால் கழுவி, பாட்டரி இணைப்பை எடுத்து, கதவுகளைத் திறந்து பெட்ரோல் ஆவி போக விட்டு, பிறகே வேலை தொடங்க வேண்டும்.

ரப்பர் குழாயைக் கழற்றி, பழைய குழாய்த்துண்டை அறுத்து எடுத்துவிட வேண்டும். சுற்றியுள்ள இடத்தைச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிக் கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். பானை வாங்கும் பாட்டி தட்டிப் பார்க்கிறாளே, அதே சாஸ்திரம்தான்! கெட்டதையெல்லாம் தயவு தாட்சண்யமில்லாமல் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பொறுமை. பைபர் கிளாஸ் நீரைக் குடித்திருந்தால் உலர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஈரத்தின் மேல் பசை சரியாக ஒட்டாது. உலர்ந்ததும் முதலில் அசிட்டோன் திரவத்தால் துடைத்து மெழுகையும் எண்ணெயையும் போக்கி, அப்புறம்தான் உப்புத்தாளோ கிரைண்டரோ போட வேண்டும். முறை மாறினால் அழுக்கை உள்ளே தேய்த்து ஏற்றியதாகும். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடியும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விட்டுவிடக் கூடாது. சரிவாகத் தேய்க்க வேண்டும். எவ்வளவு சரிவு? பன்னிரண்டுக்கு ஒன்று என்பது கணக்கு. அடியின் கனம் ஒரு சென்டிமீட்டர் என்றால், ஓட்டையைச் சுற்றிப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்குச் சரிவு. சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பெரிய காயமா என்று மனம் பதறும். ஆனால் ஒட்டும் பரப்பு அதிகமானால்தான் பிடிப்பு அதிகம். இல்லாவிட்டால் பாட்டில் தக்கைபோல் ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு வரும்.

பிறகு புதுக் குழாய்த்துண்டை வைத்து, கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி ரெசினில் நனைத்து, அடுக்கடுக்காக உள்ளும் புறமும் ஒட்ட வேண்டும். ரெசினோடு ஹார்ட்னர் கலப்பதில் கைக்கணக்கு உதவாது. அளவு சொன்னபடி இருக்க வேண்டும். கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது தப்பு. சரியாக இறுகாமலே போகும். அத்தோடு, சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும் என்பதால், புகை பாயும் குழாய்த்துண்டு சூடு தாங்கும் ரெசினில் செய்ததாக இருக்க வேண்டும். குழாய் சூடேறினால் மணி அடிக்கும் கருவி ஒன்றை வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வெண்கலத் தகடு வைப்பதானால், நீருக்கு அடியில் நிற்கும் பாலியூரிதேன் பசை வேண்டும்; சிலிக்கோன் கூடாது. திருகாணியை ஒரேயடியாக இறுக்கிப் பசையெல்லாம் பிதுங்கிப் போகும்படியும் செய்யக் கூடாது. பசை இறுக ஒரு வாரம்கூட ஆகலாம்.

கடைசியாக, புகைக்கென்றே செய்த புது ரப்பர் குழாய். முனைக்கு முனை இரண்டிரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்பு. குழாயின் பாரத்தைத் தாங்க தனியே ஒரு பிடிப்பு. இந்தப் பிடிப்பு இல்லாததால்தான் பழைய ஒட்டு விட்டது. அதை மறந்தால் வைத்தியம் முடிந்தும் வியாதி போகாது.

அந்தரத்தில் ஒரு பரீட்சை

படகைத் தண்ணீரில் இறக்கியதும் பளுதூக்கியின் பட்டைகளைக் கழற்றிவிடக் கூடாது. பட்டையில் தொங்கியபடியே பாதி மிதக்க, உடைமைக்காரர் உள்ளே இறங்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் பார்த்தும் விரல் ஈரமாகவில்லையா? எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் உலர்ந்திருந்தால் பட்டையைக் கழற்றலாம். மறுநாளும் ஒரு தடவை, முதல் ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு தடவை பலகையைத் தூக்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். தூங்கும் அறையில் விஷ வாயுவைக் காட்டிக்கொடுக்கும் மணி ஒன்றையும் மாட்டிவிட வேண்டும். அதன் விலை ஒரு நாள் பெட்ரோல் செலவைவிட அதிகம் இராது.

நம் கரையிலும் இந்தப் பாடத்துக்கு வேலை உண்டு. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவர்களிடையே பைபர் படகுகள் ஏராளமாகப் பெருகின. வெளியே மாட்டும் எஞ்சின்களில் பலவற்றின் புகையும் விசிறியின் நடு வழியாக நீருக்கு அடியிலேயே போகிறது. அங்கே புகைக்குழாய் படகைத் துளைப்பதில்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் பாறையில் இடித்தோ மணலில் உராய்ந்தோ அடி விட்டுப்போனால், உலர வைத்து, கெட்டதை எடுத்து, சரிவு தேய்த்து ஒட்டும் சட்டம் செசபீக்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒன்றேதான்.

நம் குடும்பஸ்தர் என்ன செய்தார்? கூலியைக் கொடுத்து, படகைக் கரையேற்றி, அந்த வசந்தத்தில் மூன்று வாரத்தைப் பறிகொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். நஷ்டம்தான். நாலாவது வாரம் குழந்தைகள் படகில் தூங்கும்போது அவரும் தூங்கினார். பழைய படகு வாங்கியவருக்கு மூன்றாவதாக ஒரு சந்தோஷ நாள் உண்டென்றால், அது அந்த நாள்தான்!